யூரோவிஷன் தேசியத் தேர்வுகள்: எந்த முறை எங்கே உடைகிறது?

சுருதிப்பெட்டி (தொடக்கப் பதிவு)

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டு அனுப்பி மோதும் போட்டி யூரோவிஷன். மே மாதம் அதன் இறுதிச்சுற்று முடிந்த மறுநாள் எல்லா இழையிலும் ஒரே புலம்பல். மேடை சரியில்லை, ஒளி சரியில்லை, அண்டை நாட்டுக்காரன் ஓட்டுப் போடவில்லை. என் கட்சி வேறு. ஒரு நாட்டின் கதி பாதிக்கு மேல் பிப்ரவரியிலேயே, உள்ளூர்த் தேர்வு நிகழ்ச்சியிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கேயும் பாட்டின் தரத்தைவிட வாக்கை எண்ணும் முறைக்குத்தான் அதிக வேலை.

புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படை விதிகள்: பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் அதிகபட்சம் 6 பேர். முந்தைய ஆண்டு செப்டம்பர் 1க்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது. முதன்மைக் குரல் நேரலையில் பாடியாக வேண்டும்; 2021 முதல் பின்குரலைப் பதிவு செய்து கொண்டுவரலாம். மார்ச் நடுவில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்திடம் பாட்டை ஒப்படைக்க வேண்டும். இந்தக் கெடுவுக்குள் அல்பேனியா டிசம்பரிலேயே தேர்வை முடித்துவிடும், ஸ்வீடன் மார்ச் வரை இழுக்கும்.

ரசிகச் சண்டை வேண்டாம். கணக்கோடு வாருங்கள்.

புள்ளிக்கணக்கு

அப்படியென்றால் ஸ்பெயினின் தேர்வான பெனிடோர்ம் ஃபெஸ்ட் 2022இல் தொடங்குவோம். தொழில்முறை நடுவர்களுக்குப் பாதி எடை. மக்கள்தொகைக்கு ஏற்பப் பொறுக்கிய மாதிரிப் பார்வையாளர் குழுவுக்குக் கால் பங்கு. தொலைபேசி வாக்குக்குக் கால் பங்கு.

தொலைபேசி வாக்கில் கலீசிய மொழியில் பாடிய தான்ஷுகெய்ராஸ் 70.75%. ரிகோபெர்தா பந்தினி 18.08%. ஷனெல் 3.97%. ஆனால் ஜெயித்தது ஷனெல்.

மோசடி ஒன்றும் தேவைப்படவில்லை. சதவீதத்தை எடுத்துவிட்டு இடத்துக்குப் புள்ளி கொடுத்தார்கள்: முதலிடம் 30, அடுத்து 25, அடுத்து 20. எழுபதுக்கும் நாலுக்கும் நடுவே இருந்த தூரம் பத்துப் புள்ளியாகச் சுருங்கியது. நடுவர் தரப்பில் ஷனெல் 51, ரிகோபெர்தா 46, தான்ஷுகெய்ராஸ் 30. மாதிரிக் குழுவில் அதே வரிசையில் 25, 20, 30. மொத்தம் 96, 91, 90.

இந்த மூவரும் தொலைபேசியில் வாங்கிய 75 புள்ளியை மட்டும் எடுத்து, வாக்கு விகிதப்படி மூவருக்குள் பிரித்துப் பாருங்கள். தான்ஷுகெய்ராஸுக்கு 57, ரிகோபெர்தாவுக்கு 15, ஷனெலுக்கு 3. மொத்தம் 117, 81, 79. முதலிடம் மூன்றாமிடமாகிவிடுகிறது. பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

கீமாத்தாதே

கணக்கு சரி. ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லுங்கள் புள்ளிக்கணக்கு. அதே ஷனெல் யூரோவிஷன் நடந்த டூரினில் 459 புள்ளியோடு மூன்றாமிடம். 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்கு அவ்வளவு நல்ல இடம் கிடைத்ததில்லை. நாடாளுமன்றம் வரை போய்க் கூச்சல் போட்டவர்கள் மே மாதம் அதே பாட்டுக்கு ஆடினார்கள்.

நடுவர்கள் எப்போதும் சரி என்றும் சொல்ல வரவில்லை. போலந்து 2023: மக்கள் வாக்கில் முதலிடம் யான். நடுவர்கள் சேர்ந்ததும் பிளாங்கா போனார், லிவர்பூலில் 19ஆம் இடம். உக்ரைன் 2022: மக்கள் வாக்கில் முந்தியது கலுஷ் ஆர்கெஸ்ட்ரா, மொத்தத்தில் ஜெயித்தவர் அலினா பாஷ். கிரிமியாப் பயண ஆவணச் சர்ச்சையில் அவர் விலக, இரண்டாமிடக்காரர்கள் போய் 631 புள்ளியில் கோப்பையையே தூக்கினார்கள்.

புள்ளிக்கணக்கு

ஷனெல் நன்றாக ஆடியதால் எண்ணும் முறை சரி என்றாகாது. சீட்டுக்குலுக்கலில்கூட நல்ல சீட்டு விழும்.

ஆனால் விகிதமுறைக்கும் ஒரு நோய் உண்டு. ஸ்வீடனின் தேர்வான மெலோடிஃபெஸ்டிவாலென் 2015இல் கைபேசிச் செயலி கொண்டுவந்தது. இலவச இதயக்குறி, ஒரு பாட்டுக்கு ஐந்து வரை தட்டலாம். ஜனங்கள் பிடித்ததற்கும் தட்டினார்கள், சுமாராகப் பிடித்ததற்கும் தட்டினார்கள். அப்போது நடுவர் தரப்பு, மக்கள் தரப்பு இரண்டுக்கும் தலா 473 புள்ளி. 12 பாட்டுக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 39. மக்கள் தரப்பில் எல்லாப் பாட்டும் அந்த 39ஐச் சுற்றியே கும்பலாக நிற்க ஆரம்பித்தன. நடுவர்களோ 12, 10, 8 என்று விரித்துக் கொடுக்கிறார்கள். முடிவு யார் கையில் என்று சொல்ல வேண்டியதில்லை. 2017இல் மக்கள் தரப்பில் முதலில் நின்றவர் நானோ, டிக்கெட் வாங்கியவர் ராபின் பெங்ட்சன்.

2019இல் சரி செய்தார்கள். செயலி வாக்கை 7 வயதுக் குழுவாகப் பிரித்து, தொலைபேசியை எட்டாவதாகச் சேர்த்து, ஒவ்வொரு குழுவும் 12, 10, 8, 7 முதல் 1 வரை தரும்படி மாற்றினார்கள். ஒரு குழுவுக்கு 58, எட்டுக்கு 464. பன்னாட்டு நடுவர் குழுவும் எட்டு, அவர்களுக்கும் 464. இப்போது இரண்டு தரப்பும் ஒரே அளவு விரிகிறது. 3 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குழுவுக்கும் 75 தாண்டியவர்களின் குழுவுக்கும் ஒரே எடை என்பது இதில் கிடைத்த வேடிக்கை.

ஆக விகிதமா, இடப்புள்ளியா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: ஒரு ஆளுக்கு எத்தனை ஓட்டு, அதற்குக் காசு உண்டா? காசு கொடுத்துப் போடும் ஓட்டு கூர்மையாக விழும், அங்கே விகிதம் தாங்கும். இலவச ஓட்டு பரவி விழும், அங்கே இடப்புள்ளி வேண்டும்.

நடுராத்திரி_நடுவர்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். உள்ளூரில் வைக்கும் எடை மே மாத எடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். யூரோவிஷன் இறுதிச்சுற்றில் பாதிக்குப் பாதி. பின்லாந்தின் தேர்வான யூஎம்கேவில் மக்களுக்கு 75%, பன்னாட்டு நடுவர்களுக்கு 25%. அங்கிருந்து 2023இல் கேரியா போனார். மக்கள் வாக்கில் 376, எல்லோரையும்விட மேலே. நடுவர்களிடம் 150. மொத்தம் 526. ஸ்வீடனின் லொரீனுக்கு மக்களிடம் 243தான், நடுவர்களிடம் 340. மொத்தம் 583, கோப்பை அவருக்கு.

இதைப் பின்லாந்தின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். இரண்டாமிடம் தோல்வியா? ஆனால் உள்ளூர் எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்த பாட்டுத்தான் வெளியே வரும்.

மூன்றுநிமிடம்

எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். கீழே போகிற பாட்டுகளில் பெரும்பாலானவை எண்ணப்படுவதற்கு முன்பே அடிபட்டுவிடுகின்றன, அதுவும் வெட்டும் மேசையில்.

வேகம் 128 என்று வைத்துக்கொள்வோம். நாலு தட்டு ஒரு பார். ஒரு பாருக்கு 1.875 விநாடி. 180 விநாடிக்குச் சரியாக 96 பார் கிடைக்கும். வழக்கமான நடனப்பாட்டின் கட்டு இது: முன்னிசை 4, சரணம் 16, பல்லவிக்கு ஏறும் பகுதி 8, பல்லவி 16, இரண்டாம் சரணம் 8, ஏறும் பகுதி 8, பல்லவி 16, இடைப்பகுதி 8, கடைசிப் பல்லவி 16. கூட்டினால் 100. நாலு பார் அதிகம்.

முன்னிசையைத் தூக்கினால் 96 வந்துவிடும் என்று நினைப்பார்கள். தூக்கினால் பாடகருக்குச் சுருதி பிடிக்க இடமில்லை. காதுக்குள் இருக்கும் மானிட்டரில் க்ளிக் மட்டும் நாலு தட்டுக் கேட்கும், அடுத்த நொடி பாட வேண்டும். முதல் வரி பிசகுவது பெரும்பாலும் இதனால்தான். போதாததற்கு 96 பார் என்பது கடைசிச் சுரம் அடங்குவதைக் கணக்கில் சேர்க்காத எண். ஒலி முழுக்க ஓய இன்னும் இரண்டு விநாடி வேண்டும்.

சரியான வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. முதல் சரணத்தை 16இலிருந்து 8 ஆக்குங்கள். முன்னிசை தப்பிக்கும், 92 பாரில் முடியும், வாலுக்கு ஏழு விநாடிக்கு மேல் மிஞ்சும். முதல் பல்லவியும் 15 விநாடி முன்னால் வந்துவிடும். முதல் தடவை கேட்டுவிட்டு ஓட்டுப் போடுகிறவனுக்குப் பல்லவி 38ஆம் விநாடியில் கிடைப்பதற்கும் 53இல் கிடைப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

செய்யக்கூடாத வெட்டு இடைப்பகுதி. அதை எடுத்தால் இரண்டாம் பல்லவியும் மூன்றாம் பல்லவியும் ஒட்டிக்கொண்டு 32 பார் ஒரே கத்தலாகிவிடும். அதை மறைக்கத்தான் நம் நண்பரின் பெயருக்குக் காரணமான அந்தக் கடைசி நிமிடக் கீ மாற்றம்.

கீமாத்தாதே

என் பெயரை இழுக்காமல் விட மாட்டீர்கள். அரைச் சுருதி ஏற்றுவது குற்றமில்லை, பாடகரின் உச்சம் தெரியாமல் ஏற்றுவதுதான் குற்றம். ஸ்டுடியோவில் ஐந்தாறு தடவை பாடி ஒட்டிய உச்சம் நேரலையில் ஒரே தடவையில் வந்தாக வேண்டும். 2017இல் ஸ்பெயினின் மனெல் நவாரோவுக்குக் கியிவ் மேடையில் குரல் உடைந்தது. கடைசி இடம், 5 புள்ளி. அவர் உள்ளூரில் மிரேலாவோடு சமன் வந்து நடுவர் முடிவால் போனவர். சமன் வந்தால் மக்கள் வாக்கு மேலா நடுவர் மேலா என்பது ஒரே ஒரு வரி விதி. அந்த ஒரு வரிதான் அந்த ஆண்டு ஸ்பெயினின் பாட்டைத் தேர்ந்தெடுத்தது.

புதுவரவு

ஒரு சந்தேகம் அண்ணன்மாரே. இத்தாலியின் சான்ரெமோவில் பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டிப் போகிறதே? அப்புறம் எப்படி அனுப்புகிறார்கள்?

ரேடியோரோமா

சான்ரெமோ யூரோவிஷனுக்கான தேர்வு அல்ல. 1951இல் தொடங்கிய தனி விழா, அதைப் பார்த்துத்தான் 1956இல் யூரோவிஷனே பிறந்தது. ஜெயித்தவருக்கு யூரோவிஷன் போகும் முதல் உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. அதனால் எழுதுகிறவர்கள் மூன்று நிமிடத்தை நினைத்து எழுதுவதில்லை. வாத்தியக்குழு நேரில் வாசிக்கிறது. யூரோவிஷனிலோ இசை முழுக்கப் பதிவு. ஜெயித்த பிறகு வெட்டு, மறுகலவை, சில சமயம் சொல் மாற்றம். மோனெஸ்கின் 2021இல் இரண்டு வசைச்சொல்லை மாற்றி, பாட்டையும் சுருக்கி ரோட்டர்டாம் போய் 524 புள்ளியில் ஜெயித்தார்கள். கித்தார் அடிதான் பாட்டின் முதுகெலும்பு, வரி போனாலும் அது நின்றது.

2017இல் பிரான்செஸ்கோ கப்பானி அப்படித் தப்பவில்லை. வசந்தகாலம் முழுக்கச் சூதாட்டப் பட்டியலில் முதலிடம். அந்தப் பாட்டின் ருசி அடுக்கடுக்கான சொல்விளையாட்டில். அதை வெட்டியபின் கொரில்லா வேஷம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. 6ஆம் இடம்.

அல்பேனியாவில் இதே சிக்கல் இன்னும் பெரிது. விழாவில் அல்பேனிய மொழி, வாத்தியக்குழு. டிசம்பரில் ஜெயித்துவிட்டு மார்ச் வரை கையில் நேரம். நேரம் இருந்தால் கை சும்மா இருக்காது. சுருக்கு, ஆங்கிலத்துக்கு மாற்று, தாளத்தைக் கூட்டு. 2016இல் எனெதா தரீஃபா பாட்டைச் சுருக்கி ஆங்கிலத்தில் கொண்டுபோனார், அரையிறுதியே தாண்டவில்லை. 2018இல் எவுஜென்ட் புஷ்பேபா அல்பேனியத்திலேயே பாடினார், இறுதிச்சுற்றில் 11ஆம் இடம். மொழி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், குரலும் அப்படி. ஆனால் மெட்டுக்குள் உட்கார்ந்த உயிரெழுத்தைப் பிடுங்கி வேறு மொழி உயிரெழுத்தை வைத்தால் உச்சத்தில் வாய் திறக்காது. ஆ என்று நிற்க வேண்டிய இடத்தில் ஈ வந்து நிற்கும்.

ஐஸ்லாந்து இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. அரையிறுதியில் ஐஸ்லாந்திய மொழியில் பாட வேண்டும், இறுதியில் யூரோவிஷனில் எந்த மொழியோ அந்த மொழியில். எது போகப்போகிறதோ அதைக் கேட்டுத்தான் ஜனம் ஓட்டுப் போடுகிறது.

மேடைக்குப்பின்

வெட்டு மேசை பற்றி மூன்றுநிமிடம் சொன்னதற்குக் கை தட்டுகிறேன். அதே மாதிரி மேடையிலும் உள்ளூருக்கும் வெளிக்கும் அளவு பொருந்தாது.

மெலோடிஃபெஸ்டிவாலெனில் மேடையில் 8 பேர் நிற்கலாம். யூரோவிஷனில் 6. எட்டுப் பேருக்கு நடனம் அமைத்து ஜெயித்துவிட்டால் இரண்டு பேரைக் கழித்து உருவத்தை மறுபடி கட்ட வேண்டும். எட்டில் இரண்டு கழித்தால் ஆறு என்று கணக்கு வாத்தியார் சொல்லுவார். நடன இயக்குநருக்கு அது புது நடனம். பாடகரைச் சுற்றி ஏழு ஆட்டக்காரர்கள் நிறைத்த சட்டகத்துக்கு இனி ஐந்து ஆட்டக்காரர்தான், பாடகரையும் சேர்த்துத்தானே 6.

பதிவு செய்த பின்குரலை ஸ்வீடன் 2009இலேயே அனுமதித்தது. யூரோவிஷன் 2021 வரை விடவில்லை. நடுவில் இருந்த ஆண்டுகளில் ஸ்டாக்ஹோமில் கடல் மாதிரி கேட்ட பல்லவி, மே மாதம் நேரலைப் பின்குரலோடு மெலிந்து கேட்டதற்கு இதுதான் காரணம். கேட்டவர்கள் ஒலிப்பொறியாளரைத் திட்டினார்கள், பாவம்.

பொருள்கள் இன்னொரு தலைவலி. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே அறிமுகப் படம் ஓடும் நேரம் ஏறக்குறைய 40 விநாடி. அதற்குள் பழையது வெளியேறி, புதியது உள்ளே வந்து, மின்சாரம் இணைந்து, பாடகர் குறியில் நிற்க வேண்டும். உள்ளூரில் தொகுப்பாளர் இரண்டு நிமிடம் அரட்டை அடித்து நேரம் வாங்கித் தருவார். அதனால்தான் 2023இல் லொரீனுக்காக மெலோடிஃபெஸ்டிவாலெனில் செய்த மேல்-கீழ் ஒளித்திரைப் பெட்டியை அப்படியே லிவர்பூலுக்குக் கொண்டுபோக முடியவில்லை, எடை குறைத்துச் சிறிதாகச் செய்தார்கள். படம் கெடாமல் சுருக்கத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. இல்லாத நாட்டில் பொருள் சுருங்கும், அதைச் சுற்றி எழுதிய காமிரா வெட்டு பழைய அளவிலேயே இருக்கும். பாதித் திரை காலி.

இன்னொன்று, உரிமை. 2015இல் மோன்ஸ் செல்மர்லோவ் உள்ளூரில் பயன்படுத்திய கோட்டோவியப் பையன் வேறொரு அசைபடத்தின் உருவத்தைப் போல இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. வியன்னாவுக்குப் புதுப் பையனை வரைந்தார்கள். ஒளியும் அடியெடுப்பும் அந்த உருவத்தோடு விநாடிக்கு விநாடி பொருந்த வேண்டிய மேடை அது. ஜெயித்தார், 365 புள்ளி.

சுருதிப்பெட்டி

ஒத்துக்கொள்கிறேன், என் தொடக்கப் பதிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆனால் பிரிட்டனை எடுங்கள். 2019இல் தேர்வில் மூன்றே பாட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பாடினார்கள். முதலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த வடிவம் என்று தேர்வு, பிறகு மூன்றில் ஒன்று. மைக்கேல் ரைஸ் போனார், டெல் அவிவில் கடைசி இடம். அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர் யோன் லுண்ட்விக். அதே ஆண்டு, அதே மேடையில், ஸ்வீடனுக்காக வேறு பாட்டுப் பாடி 5ஆம் இடம் வந்தார். சமையல்காரர் ஒருவரே. பந்தி இரண்டு.

இங்கே எடைக்கணக்கைக் குறை சொல்ல முடியாது. மூன்று பாட்டு என்பதே தேர்வு இல்லை, அவ்வளவுதான்.

நடுராத்திரி_நடுவர்

பாட்டையும் பாடகரையும் தனித்தனியாகப் பொறுக்கி ஒட்டும் முறைக்கே அந்த வியாதி உண்டு. அதே 2019இல் ஜெர்மனி ஒரு பாட்டுக்காக இரண்டு பாடகிகளைச் சேர்த்து "சிஸ்டர்ஸ்" என்று பெயரிட்டு அனுப்பியது. நடுவர்களிடம் 24, மக்களிடம் பூஜ்யம்.

முந்தின வருடம்தான் அதே ஜெர்மனி 4ஆம் இடம் வாங்கியிருந்தது என்பதுதான் எரிச்சல். 2016 கடைசி, 2017 கடைசிக்கு முந்தினது. உடனே எல்லாவற்றையும் கலைத்தார்கள். 100 பேர் கொண்ட பார்வையாளர் குழு, பன்னாட்டு நடுவர் குழு, மக்கள் வாக்கு மூன்றுக்கும் பங்கு. மிகேல் ஷுல்ட 340 புள்ளி. சுவிட்சர்லாந்தும் 2015 முதல் 2018 வரை நாலு வருடம் அரையிறுதியில் விழுந்துவிட்டு, தொலைக்காட்சித் தேர்வையே மூடி, இதே போலக் குழுவை வைத்து உள்ளேயே தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது. 2019இல் 4, 2021இல் 3, 2024இல் நெமோ முதலிடம்.

கீமாத்தாதே

அதற்காகத் தொலைக்காட்சித் தேர்வே வேண்டாம் என்கிறீர்களா? அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. எந்த அலுவலகக் குழுவும் தேர்ந்தெடுக்காத பாட்டு அங்கே வெளியே வரும். குரோஷியாவின் தேர்வான டோரா 2024. பேபி லசாஞா மாற்றுப் பட்டியலில் இருந்தவர். ஒருவர் விலகியதால் உள்ளே வந்தார். உள்ளூரில் அள்ளிக்கொண்டு போய், மால்மோவில் மக்கள் வாக்கில் 337 எடுத்து முதலிடம், மொத்தம் 547, இரண்டாமிடம். அதாவது அந்த நாட்டின் தேர்வுக்குழு முதல் சல்லடையில் அவரை விட்டுவிட்டது, மக்கள் விடவில்லை.

போர்ச்சுகல் 2017இல் சல்லடையையே மாற்றியது. தொலைக்காட்சி நிறுவனம் பாட்டெழுதுகிறவர்களை அழைக்கும், யார் பாடுவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். லூயிசா சோப்ரால் தம்பி சால்வடோரை நிறுத்தினார். கூட்டத்தின் நடுவே சின்ன மேடை, ஒரு மைக். 758 புள்ளி, அந்த நாட்டின் முதல் வெற்றி.

ஒப்பந்தம்படி

யாரும் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லையே. ஜெயித்தவர் போகாவிட்டால் என்ன என்பது மேடைக்கு முன்னால் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

ஜெர்மனி 2015: அந்திரேயாஸ் கும்மெர்ட் ஜெயித்தார், நேரலையிலேயே "நான் போகவில்லை" என்றார். இரண்டாவது வந்த அன் சோஃபி போனார், பூஜ்யம். மக்கள் தேர்ந்தெடுக்காதவர் என்ற முத்திரையை இரண்டரை மாதம் சுமந்துகொண்டு போய்ப் பாட வேண்டியிருந்தது. உக்ரைன் 2019: மாருவ் ஜெயித்தார். ரஷ்ய நிகழ்ச்சிகளை ரத்து செய்வது முதலான நிபந்தனைகளில் தொலைக்காட்சியோடு முறிந்தது. இரண்டாமிடம் மறுத்தது, மூன்றாமிடம் மறுத்தது, நாடே விலகியது. ஒப்பந்தத்தைப் போட்டி முடிந்தபின் நீட்டினால் இதுதான். ஜெயித்தவர் கை ஓங்கியிருக்கும் நேரத்தில் யார் கடினமான காகிதத்தில் கையெழுத்துப் போடுவார்?

இத்தாலியில் 2025இல் ஓலி மறுத்தார், லூச்சோ கோர்சி போய் 5ஆம் இடம் வந்தார். கலாட்டா இல்லை. மறுக்கலாம் என்று முன்கூட்டியே விதியில் இருக்கிறது, அதனால் யாருக்கும் அவமானம் இல்லை.

பாட்டின் பிறப்புச் சான்றிதழையும் முன்னாலேயே பாருங்கள். 2016இல் ஸ்வீடன் தேர்வில் அன்னா பூக்கின் பாட்டு இரண்டு வருடம் முன்பு மால்டோவாத் தேர்வில் வேறு பெயரில் பாடப்பட்டது என்று தெரிந்து போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. மேடையில் பாட மட்டும் விட்டார்கள். 1999இல் ஜெர்மனியில் ஜெயித்த பாட்டு ஏற்கெனவே வெளியானது என்று தெரிந்து, அடுத்த இடத்தில் இருந்த சுர்ப்ரிஸ் போய் மூன்றாமிடம் வாங்கினார்கள். ஒரே டெமோ நாலைந்து நாட்டுத் தேர்வுகளுக்கு அலைவது இத்துறையில் சாதாரணம். தலைப்பும் வரியும் மாறியிருக்கும், மெட்டு அப்படியே. தலைப்பை வைத்துத் தேடினால் சிக்காது.

புதுவரவு

ஓட்டு எண்ணும் இயந்திரமே படுத்துவிட்டால்?

புள்ளிக்கணக்கு

படுத்தது தம்பி. நோர்வே 2020 இறுதியில் இணைய வாக்கு அமைப்பு சுமை தாங்காமல் விழுந்தது. 10 பாட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க வேண்டிய முதல் சுற்று. முன்னேற்பாடாக வைத்திருந்த 30 பேர் கொண்ட குழுவின் வாக்கை எடுத்தார்கள். ஓட்டுப் போட முடியாதவர்கள் கொதித்தாலும், நேரலையில் கை பிசைந்து நிற்பதைவிட மேல். பத்து லட்சம் பேர் ஒரே இரண்டு நிமிடத்தில் தட்டும் அமைப்புக்கு மாற்று வழி இல்லாமல் நிகழ்ச்சி தொடங்கவே கூடாது.

இயந்திரம் நன்றாக இருந்து மனிதன் சொதப்பியதும் உண்டு. பிரிட்டன் 2007: இரண்டு தொகுப்பாளர்கள் ஒரே நேரத்தில் முடிவை அறிவிக்க வேண்டும். ஒருவர் ஸ்கூச் என்றார், டெரி வோகன் சிண்டி என்றார். ஜெயித்தது ஸ்கூச்.

சுருதிப்பெட்டி

ஸ்வீடன் 2010ஐ யாரும் தொடவில்லை, நானே எழுதுகிறேன். அன்னா பெர்யெண்டால் உள்ளூரில் ஜெயித்து, அரையிறுதியில் விழுந்தார். 1976க்குப் பிறகு ஸ்வீடன் இல்லாத முதல் இறுதிச்சுற்று. அதுவரை நடுவர்கள் பெரும்பாலும் உள்நாட்டுப் பகுதிகளிலிருந்து வந்தார்கள். 2011இல் 11 குழுவையும் வெளிநாட்டவர் ஆக்கினார்கள். எரிக் சாதே 3ஆம் இடம், 2012இல் லொரீன் 372 புள்ளியில் முதலிடம். லொரீனின் 2011 பாட்டு இரண்டாம் வாய்ப்புச் சுற்றோடு நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோற்றவர் மறு வருடமே திரும்பிவர வெட்கப்படாத தேர்வு அது. அபாவும் 1973இல் மூன்றாமிடம், 1974இல் முதலிடம்.

கீமாத்தாதே

பன்னாட்டு நடுவர்கள் என்ற அந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. பதினைந்து வருடம் வெளிநாட்டுக் காதுக்கு எழுதி எழுதி எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி வழுவழுப்பு. 2025இல் காய் (காய்கறிக் காய் இல்லை, பின்லாந்தின் வோரா ஊர்க்காரர்கள் மூவர்) தங்கள் ஊர் வட்டார ஸ்வீடிஷில் நீராவிக் குளியல் பற்றிப் பாடினார்கள். வெளிநாட்டு நடுவர்கள் மோன்ஸை முதலில் வைத்தார்கள். உள்ளூர் மக்கள் காயை வைத்தார்கள். 164க்கு 157. 1998க்குப் பிறகு ஸ்வீடன் ஸ்வீடிஷில் அனுப்பிய முதல் பாட்டு, பாசலில் 4ஆம் இடம்.

புள்ளிக்கணக்கு

ஏழு புள்ளி வித்தியாசம். மொத்தப் புள்ளி 928. பழைய 2017 முறையில் அதே வாக்கை எண்ணியிருந்தால் மக்கள் தரப்பு 39ஐச் சுற்றிக் கும்பலாக நின்று, நடுவர் தரப்பு விரிந்து, மோன்ஸ்தான் போயிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன்.

மூன்றுநிமிடம்

கட்டலாம். ஆனால் அந்தப் பாட்டின் பல்லவியை ஒரு தடவை கேட்ட ஏழு வயதுப் பிள்ளை திரும்பப் பாடும். அது எண்ணும் மேசையில் வந்ததில்லை புள்ளிக்கணக்கு.